பூனைக்கும் ஒரு காலம்!

காலேஜ் பஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற கடைசி அஞ்சு நிமிஷத்தில் நீங்க என்ன பண்ணுவீங்க? ஐ.டி. கார்டு தேடுவீங்க, ரெக்கார்டு நோட்டு தேடுவீங்க, அம்மாகிட்ட கத்துவீங்க. நான் தரையில படுத்து எங்க வீட்டுப் பூனை எத்தனை தடவை மூச்சு விடுதுன்னு எண்ணிக்கிட்டு இருப்பேன்.

சிரிக்காதீங்க. தூங்கற பூனை நிமிஷத்துக்கு 30 தடவைக்குள்ளே மூச்சு விட்டா சரி. தினமும் அதைத் தாண்டிக்கிட்டே போனா இதயத்திலோ நுரையீரலிலோ ஏதோ சிக்கல்னு அர்த்தம். செலவே இல்லாத டெஸ்ட். ஆனா, ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இது எனக்குத் தெரியாது.

எங்க ஊர் பாகலூர். ஓசூரிலிருந்து மாலூர் போற ரோட்டில் இருக்கு. கொஞ்சம் வேகமா சைக்கிள் மிதிச்சா கர்நாடகா வந்துடும். ஒரு பக்கம் பாலிஹவுஸ்ல ரோஜா, இன்னொரு பக்கம் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஃபேக்டரி ஆளுங்க. எங்க வீட்டில் அவ்வா தெலுங்கு பேசுவாங்க, அப்பா தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம். பூனையை அவ்வா 'பில்லி'ம்பாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி 'பெக்கு'ம்பாங்க. அதுக்கு மூணு பாஷையும் நல்லாப் புரியும். எந்த பாஷையில கூப்பிட்டாலும் வராது, அவ்வளவுதான்!

பேரு குட்டி. நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது வந்தது. இப்போ வயசு 15. மனுஷக் கணக்கில் 76. (முதல் வருஷத்துக்கு 15, ரெண்டாவது வருஷம் முடியும்போது 24, அதுக்கப்புறம் வருஷத்துக்கு நாலு நாலா கூட்டிக்கணும்.) அதாவது, எங்க வீட்டில் அவ்வாவுக்கு இப்போ சம வயசுத் தோழி.

பக்கெட்டுக்குள்ள தலை

முதல் அறிகுறியை நாங்க கொண்டாடினோம். அதுதான் கொடுமை.

பாத்ரூம் பக்கெட்டில் தலையை விட்டு 'சளக் சளக்'னு தண்ணி குடிக்க ஆரம்பிச்சது. "நல்லா தண்ணி குடிக்குது பாரு, உன்னை மாதிரியா?"ன்னு அம்மா எனக்கு அட்வைஸ் வேற. மண் தட்டில் நனையற இடம் பெருசாகிக்கிட்டே போனதை யாரும் கவனிக்கலை.

இன்னிக்கு நம்ம வீட்டுச் சோபாவைக் கிழிக்கிற பூனையோட முப்பாட்டன்கள் மேற்காசியாவின் வறண்ட பூமியில் திரிஞ்ச காட்டுப்பூனைகள். மரபணுவை ஒப்பிட்டு 2007-ல் இதைக் கண்டுபிடிச்சாங்க. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முந்தின ஒரு புதைகுழியில் மனுஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைச்சிருந்தது 2004-ல் வெளியே தெரிஞ்சது. அப்படி வறண்ட இடத்தில் வளர்ந்த பரம்பரை என்பதால், பூனையின் சிறுநீரகம் ஒரு சொட்டுத் தண்ணியைக்கூட வீணாக்காது. இரையில் இருக்கிற ஈரமே அதுக்குப் பெரும்பாலும் போதும். அப்படிப்பட்ட பிராணி திடீர்னு பக்கெட் பக்கெட்டா குடிக்குதுன்னா, சிறுநீரகத்தால் தண்ணியைப் பிடிச்சு வைக்க முடியலைன்னு அர்த்தம். உடம்பிலிருந்து போறதை ஈடுகட்டத்தான் குடிக்குது.

இன்னும் மோசமான சேதி என்னன்னா, இந்த நிலை வரும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் மூணில் ரெண்டு பங்கு ஏற்கெனவே போயிருக்கும். போனது திரும்பி வராது. மீதியை எவ்வளவு நாள் காப்பாத்தலாம்கிறதுதான் கேள்வி.

எடையிலும் கோட்டை விட்டோம். 4.1 கிலோ இருந்தது 3.6 ஆச்சு. "அரை கிலோதானே"ன்னு நினைச்சோம். 60 கிலோ ஆள் ஏழு கிலோவுக்கு மேல் இளைச்சா வீடே அலறாதா? கணக்கு அதேதான். பூனையைத் தூக்கிக்கிட்டு எடை மெஷினில் ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சிடுங்க. மாசம் ஒரு தடவை போதும்.

ரெண்டு பாகலூர்

எங்க ஏரியா மாட்டு வைத்தியத்துக்குப் பேர் போனது. மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-லேயே ஆரம்பிச்சது. அதனால நான் கூடையோட மருத்துவமனை வாசலில் நின்னப்போ, வரிசையில் முன்னாடி ஒரு ஜெர்ஸி, பின்னாடி ரெண்டு ஆடு. "என்ன தம்பி, கோழியா?"ன்னு ஒரு பெரியவர் கூடைக்குள்ளே எட்டிப் பார்த்தார். பூனைன்னதும் ஒரு பார்வை பார்த்தார் பாருங்க... வைவாவில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

டாக்டர் நல்லவர். வயித்தைத் தடவிப் பார்த்துட்டு, "ரத்தம் டெஸ்ட் பண்ணணும். பெங்களூரு போயிடுங்க"ன்னார். ஹெப்பால் கால்நடைக் கல்லூரின்னு யாரோ சொல்ல, டாக்ஸி புக் பண்ணலாம்னு மாமா உட்கார்ந்தார். அங்கே ஒரு காமெடி. ஹெப்பாலைத் தாண்டி, ஏர்போர்ட் பக்கம் இன்னொரு பாகலூர் இருக்கு! புறப்படும் இடம் பாகலூர்னு மாமா போட்டதும், அந்த பாகலூரில் இருந்த டிரைவர் "எங்கே சார் நிக்கறீங்க?"ன்னு கன்னடத்தில் கேட்க, இங்கிருந்து மாமா "கோயில் பக்கத்துல"ன்னு தெலுங்கில் சொல்ல... கடைசியில் பஸ்ஸைப் பிடிச்சு, நகரத்துக்குள்ளே நுழைஞ்சதுமே இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் இறங்கிட்டோம்.

கிரியேட்டினின், பாஸ்பரஸ், எஸ்.டி.எம்.ஏ., சிறுநீரின் அடர்த்தி, ரத்த அழுத்தம்... பட்டியல் நீளம். ஆமாம், பூனைக்கும் பி.பி. பார்ப்பாங்க, முன்னங்காலில் குட்டியூண்டு பட்டை கட்டி! பி.பி. எகிறினா விழித்திரை பிய்ஞ்சு ஒரே நாளில் கண் தெரியாமல் போயிடும். "பூனை திடீர்னு சுவத்தில் முட்டிக்குது"ன்னு ஓடிவர்ற கேஸ் நிறைய இதுதானாம்.

முடிவு: நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. நாலு நிலைகளில் மூணாவது.

கிழட்டுப் பூனை இளைச்சா எல்லாமே சிறுநீரகம்னு முடிவு கட்டிடாதீங்க. தைராய்டு அதிகமானாலும் இளைக்கும். ஆனா அது பேய் மாதிரி சாப்பிட்டுக்கிட்டே இளைக்கும், ராத்திரியில் காரணமில்லாமல் கத்தும். சர்க்கரை வியாதியிலும் தண்ணி அதிகம் குடிக்கும். பல்வலி இருந்தால் தட்டுக்கு வரும், மோந்து பார்க்கும், போயிடும். டெஸ்ட் எடுக்காமல் கண்டுபிடிக்கவே முடியாது. பத்து வயசு தாண்டின பூனையை வருஷத்துக்கு ரெண்டு தடவை டாக்டர்கிட்டே காட்டச் சொல்றது இதுக்குத்தான்.

அரை மாத்திரையில் போயிருக்கும்

பெங்களூரு போறதுக்கு முந்தின வாரம் நடந்ததைச் சொன்னால் இப்பவும் வயித்தைக் கலக்குது. குட்டி சுருண்டு படுத்திருந்தது. தொட்டால் சூடு. "ஜுரம் போல, அரை மாத்திரை பால்ல கரைச்சு ஊத்தலாமா?"ன்னு அப்பா கேட்டார். நானே டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். மாத்திரை தீர்ந்திருந்தது. அவ்வளவுதான் அன்னிக்கு நடந்த அதிர்ஷ்டம்!

பாரசிட்டமாலை உடைச்சு வெளியேத்தற வசதி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை. நாம சாதாரணமா போட்டுக்கிற மாத்திரையில் பாதி, ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற சக்தியை இழந்து, ஈறு பழுப்பாகி, மூஞ்சி வீங்கிடும். அப்புறம் அந்தச் 'சூடு'... பூனையின் சாதாரண உடல் வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். நம்ம கைக்கு எப்பவுமே சுடத்தான் செய்யும்!

நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடற சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு விஷம். வெங்காயம், பூண்டு ரத்த சிவப்பணுவை உடைக்கும். குழம்பு சாதம் போடறவங்க கவனிக்க. எங்க ஊர்க்காரங்களுக்குத் தனியா ஒண்ணு: ரோஜா, ஜெர்பரா தோட்டத்தில் பூனை திரிஞ்சால் அந்தப் பூக்களால் ஆபத்தில்லை, அடிச்ச பூச்சிமருந்தால்தான் பயம். ஆனா பொக்கேயில் வைக்கிற லில்லி இருக்கே, அதன் மகரந்தம் உடம்பில் ஒட்டி, அதை நக்கினாலே ரெண்டு மூணு நாளில் சிறுநீரகம் மொத்தமா செயலிழக்கும். இளம் பூனைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கர்ட்டன் கம்பியில் டிரிப்ஸ்

குட்டியின் பழைய மெனு: கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, சாயங்காலம் பால். கேட்டுட்டு டாக்டர் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை.

கருவாட்டில் உப்பு. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைக்குச் செரிக்காது (கதையில மட்டும்தான் பூனைக்குப் பால்!). களியில் பூனைக்கு வேண்டியது எதுவும் இல்லை. பூனை கட்டாய மாமிசப் பிராணி. டாரின்னு ஒரு சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கு. அது இல்லாட்டி பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகும்னு அமெரிக்காவில் 1987-ல் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் பூனைத் தீனியில் டாரினை ஏத்தினாங்க. சைவ வீட்டில் தயிர் சாதத்தில் பூனை வளர்க்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

சிறுநீரகப் பூனைக்குன்னு பாஸ்பரஸ் குறைச்ச தனித் தீனி கிடைக்குது. ரெண்டு வருஷம் நடந்து 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அந்தத் தீனி சாப்பிட்ட பூனைகளில் ஒண்ணுகூட சிறுநீரகக் கோளாறால் சாகலை. சாதாரணத் தீனி சாப்பிட்டதில் சில செத்துப்போச்சு. அதனால வாங்கினோம். விலையைப் பார்த்துட்டு அப்பா, "நானும் இதையே சாப்பிட்டுக்கறேன், கேன்டீன் டோக்கன் மிச்சம்"னார். குட்டி மோந்து பார்த்துட்டு, மண்ணைப் போட்டு மூடற மாதிரி பக்கத்துத் தரையைச் சுரண்டிட்டுப் போயிடுச்சு!

இங்கேதான் ஜாக்கிரதை. 'பசிச்சா தானா சாப்பிடும்'கிற நம்ம ஊர் வைத்தியம் பூனைகிட்டே செல்லாது. ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைச்சுக்கும். அதுவே உயிரை எடுக்கும். அதனால பழைய சாப்பாட்டில் ஒரு ஸ்பூன் புதுசு, அடுத்த வாரம் ரெண்டு ஸ்பூன்... இப்படியே ஒன்றரை மாசம் ஆச்சு. வெதுவெதுப்பா சூடு பண்ணினால் வாசனை தூக்கும், தட்டுக்கு வரும். அதுவும் ஆகாத நாளில் குமட்டலுக்கும் பசிக்கும் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார்.

அப்புறம் டிரிப்ஸ். வாரத்துக்கு மூணு நாள், ரிங்கர் லாக்டேட். நரம்பில் இல்லை, முதுகில் தோளுக்கு நடுவே இருக்கிற தளர்ந்த தோலுக்கு அடியில். முதல் நாள் எனக்குக் கை நடுங்கி, ஊசி தோலின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து, பெட்ஷீட்டுக்கு டிரிப்ஸ் ஏத்தினேன். காப்பாத்தினது அப்பா. மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஆச்சே! கர்ட்டன் கம்பியில் கொக்கி மாட்டி, பாட்டிலைத் தொங்கவிட்டு, குட்டியை மடியில் வெச்சு, மூணு நிமிஷத்தில் முடிச்சிட்டார். முடிஞ்சதும் முதுகில் ஒட்டகம் மாதிரி ஒரு திமில். ஒரு ராத்திரியில் வடிஞ்சிடும். ஒரு பாட்டில் விலை ஒரு பிரியாணியைவிடக் கம்மி. ஆனா இதைப் படிச்சுட்டு நீங்களா ஊசியை எடுக்காதீங்க ப்ளீஸ். இதயக் கோளாறு இருக்கிற பூனைக்கு அதிகத் தண்ணி ஏத்தினால் நுரையீரலில் கோத்துக்கும். அளவை டாக்டர்தான் சொல்லணும், முதல் தடவை அவர் முன்னாடிதான் பழகணும்.

இருபது வருஷமா "பூனையெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்கு?"ன்னு கேட்டவர் அப்பா. நைட் ஷிஃப்ட் முடிச்சு காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாமல் முதலில் கேட்கிறது, "சாப்டுச்சா?" (எனக்கில்லை அந்தக் கேள்வி!)

செமஸ்டர் புக்குக்கு ஒரு உபயோகம்

குட்டி முன்னாடியெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் ராஜாங்கம் பண்ணும். ஏறுறதை நிறுத்தினப்போ 'வயசாச்சு, சோம்பேறி'ன்னு விட்டுட்டோம். சோம்பல் இல்லை, வலி. 12 வயசு தாண்டின நூறு பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்து 2002-ல் வெளியான ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. நூத்துக்குத் தொண்ணூறு! நாய் மாதிரி நொண்டாது, கத்தாது. குதிக்கிறதை நிறுத்தும், அவ்வளவுதான். மண் தட்டின் விளிம்பைத் தாண்ட வலிச்சால் வெளியே போயிடும். நாமளோ 'திமிரு'ன்னு திட்டுவோம்.

தட்டை எடுத்துட்டு, அட்டைப்பெட்டி ஒண்ணில் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வா வெட்டி வெச்சேன். கட்டில் ஏற, தடிமனான ரெண்டாம் வருஷ புக்குகளை அடுக்கிப் படி கட்டினேன். நாலு வருஷத்தில் அந்த புக்குகளை வெச்சு ஒரு உயிர் மேலே ஏறினது இதுதான் முதல் தடவை. நகத்தையும் பார்க்கணும். வயசான பூனை நகத்தைத் தேய்க்காது, அது வளைஞ்சு உள்ளங்காலிலேயே குத்திக்கும். டிசம்பர் ஓசூர் குளிருக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுத்தி, சாக்குக்கு அடியில் வைக்கிறது அவ்வா டிபார்ட்மென்ட்.

வலியைப் பூனை மறைக்கும். அதைக் கண்டுபிடிக்க மான்ட்ரியல் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2019-ல் ஒரு வழி சொன்னாங்க. காது விரிஞ்சு திரும்பி இருக்கா, கண் இடுங்கி இருக்கா, மூக்கு வாய்ப் பகுதி இறுகி இருக்கா, மீசை நேரா விறைச்சு இருக்கா, தலை தோளுக்குக் கீழே தொங்குதா? ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2. பத்துக்கு நாலு வந்தால் வலி மருந்து தேவை. இதுக்கு இலவச ஆப்பே இருக்கு. நான் செல்ஃபி எடுத்ததைவிட இந்த ஒன்றரை வருஷத்தில் குட்டி மூஞ்சியை எடுத்ததுதான் அதிகம்.

கோணிப்பை யோசனை

சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? அதே டாக்ஸி மாமா ஒரு நாள், "எதுக்கு இவ்வளவு செலவு? கோணியில போட்டு பார்டர் தாண்டி விட்டுட்டு வந்துடு. எங்கயாச்சும் பொழைச்சுக்கும்"னார். எல்லா ஊரிலும் இருக்கிற யோசனைதான். எங்க ஊரில் கூடுதலா ஒரு மாநிலம் தாண்டி விடலாம்.

பிழைக்காது. சிறுநீரகம் போன பூனைக்குத் தண்ணியும் தீனியும் இல்லாட்டி சில நாள்தான். பட்டினியிலும் தாகத்திலும் வாடற மாதிரி ஒரு பிராணியைக் கைவிடறது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. முதல் தடவைக்கு அந்தச் சட்டம் போட்ட அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு பிளேட் பானிபூரி!

மாமாவை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. அவர் வீட்டில் மூணு பசங்க, கடன், ரெண்டு ஷிஃப்ட். எல்லாராலும் வாரத்துக்கு மூணு டிரிப்ஸ் முடியாது. முடியாதவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. அதைப் பத்தித்தான் எங்க வீட்டில் ஒரு மாசமா சண்டை.

அவ்வாவுக்குப் பூனையைக் கொன்னா பாவம். தங்கத்தில் பூனை செஞ்சு தானம் கொடுத்தாலும் தீராதாம். அதனால் 'கருணைக்கொலை'ங்கிற வார்த்தையை நான் எடுத்ததுமே அவ்வா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துட்டாங்க. அம்மா அழுதாங்க. அப்பா பேசாமல் டி.வி. பார்த்தார், ஸ்கிரீனில் விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்தது.

எனக்கும் அது சாதாரண விஷயமில்லை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத வயசிலிருந்து அது கூட இருக்கு. க்ரீம் பஃப்னு டெக்சாஸில் ஒரு பூனை 1967-ல் பிறந்து 2005 வரைக்கும், 38 வருஷமும் மூணு நாளும் வாழ்ந்ததுன்னு கின்னஸில் படிச்சதிலிருந்து, 'இதுவும் ஏன் கூடாது?'ன்னு மனசு கணக்குப் போடும். ஜப்பானில் டோரு மியாசாகின்னு ஒரு ஆராய்ச்சியாளர், பூனை ரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம் சரியா வேலை செய்யாததுதான் சிறுநீரகம் கெடறதுக்குக் காரணம்னு சொல்லி மருந்து தேடிக்கிட்டிருக்கார். அந்தச் செய்தியைப் படிச்ச ராத்திரி தூங்கலை. ஆனா குட்டிக்கு அந்த மருந்து வந்து சேராது. எனக்குத் தெரியும்.

டாக்டர்கிட்டே நேரா கேட்டேன், "எப்போன்னு எப்படி சார் தெரியும்?" ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்க கால்நடை மருத்துவர் போட்ட கணக்கைச் சொன்னார். வலி, பசி, உடம்பில் நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஏழுக்கும் பத்துப் பத்து மார்க். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கை பரவாயில்லை. பாஸ் மார்க் மாதிரி இருக்கேன்னு தோணும். ஆனா தினமும் எழுதிப் பார்த்தால்தான் நாம நம்மையே ஏமாத்திக்கிறது தெரியும். நேத்து நல்லா இருந்ததுன்னு நினைப்போம். நோட்டைத் திருப்பினால் அது போன மாசம்.

எப்படிப் பண்ணுவாங்கன்னும் கேட்டேன். முதலில் மயக்க ஊசி. அது நல்லாத் தூங்கினப்புறம் அதிக அளவு மயக்க மருந்து. சில நிமிஷம். வீட்டுக்கே வர்றேன்னார், மடியிலேயே வெச்சுக்கலாம்னார்.

போன ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் அவ்வாகிட்டே தெலுங்கில் மெதுவா சொன்னேன். எனக்கு அரைகுறைத் தெலுங்கு, சில இடத்தில் அப்பா மாத்திச் சொன்னார். குட்டி அவ்வா மடியில்தான் இருந்தது. ரொம்ப நேரம் அதன் காதைத் தடவிக்கிட்டே இருந்துட்டு, "நொப்பி லேகுண்டா போனீ"ன்னாங்க. வலி இல்லாம போகட்டும். உடனே, "இன்னும் சாப்பிடுது இல்ல? சாப்பிடறவரைக்கும் டாக்டர்னு யாரும் பேசக் கூடாது"ன்னாங்க.

அதனால இப்போ வீட்டில் ஒரு ஒப்பந்தம். தொடர்ந்து ரெண்டு நாள் தட்டுக்கு வரலை, இல்லை மார்க் மூணு நாள் 35-க்குக் கீழே போச்சுன்னா டாக்டருக்கு போன். எனக்கு அன்னிக்கு எக்ஸாம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்னு நானேதான் சொன்னேன். சொல்லிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

இதை எழுதற செவ்வாய்க்கிழமை ராத்திரி நோட்டில் இருக்கிறது: எடை 2.7. மூச்சு 24. முகம் 1. டிரிப்ஸ் முடிஞ்சது. மொத்தம் 43. அதுக்குக் கீழே அம்மா கையெழுத்தில், 'அப்பா தட்டிலிருந்து வறுத்த மீன் திருடியது. உப்பு போட்டதுதான். யாரும் தடுக்கவில்லை.'